3018 சிஎன்சி கிட்: எதை மாற்றினால் பலன், எதை மாற்றினால் தண்டம்

சிஎன்சி என்றால், கணினி சொல்கிறபடி சுற்றும் பிட்டை (வெட்டும் முனை) ஓட்டி மரம், அக்ரிலிக் வெட்டும் மிஷின். இணையக் கடைகளில் 3018 என்று தேடினால் பத்துப் பெயரில் ஒரே மிஷின் வரிசையாக வந்து நிற்கும். ப்ரோ, பிளஸ், மேக்ஸ் என்று வால் மட்டும் மாறும். பெயரிலேயே அளவு இருக்கிறது: அகலம் 30 செ.மீ., ஆழம் 18 செ.மீ. மேல்கீழ் ஓட்டம் 45 மிமீ என்று போட்டிருப்பார்கள். அடிப்பலகை, மேலே வைக்கும் சாமான், பிட் நீளம் எல்லாம் கழித்தால் வேலைக்கு மிஞ்சுவது 20, 25 மிமீதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். காலேஜ் புராஜெக்டுக்கு பிசிபி (எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு), வாசலில் மாட்ட அக்ரிலிக் பெயர்ப்பலகை, சின்னத் தேக்குத் துண்டில் எழுத்தோ கோலமோ, இந்த அளவுக்கு இது கொடுத்த காசுக்குத் தகுந்த மிஷின். பூஜையறைக் கதவில் பூ வேலை, இரண்டடிப் பலகையில் புடைப்பாகச் சாமி உருவம் என்று மனசில் இருந்தால், இதை வாங்கி அப்கிரேடு மேல் அப்கிரேடாகப் போட்டு அங்கே போய்ச் சேர முடியாது. அதற்கு மேஜையையே புதிதாகக் கட்ட வேண்டும். எந்த இடத்தில் செலவை நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

மாட்டும்போதே பாதி வேலை

கிட்டில் 20க்கு 40 அலுமினியம் புரொஃபைல், 10 மிமீ உருட்டுக் கம்பிகள், டி8 திருகுத் தண்டு, அச்சுகளை நகர்த்த மூன்று நீமா 17 ஸ்டெப்பர் மோட்டார், வெட்டும் ஸ்பிண்டிலாக 775 மோட்டார், பிட்டைப் பிடிக்க இஆர்11 கோலெட், மிஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள் ஏற்றிய போர்டு, 24 வோல்ட் அடாப்டர் வருகின்றன. இரண்டு மணி நேரத்தில் மாட்டிவிடலாம் என்று வீடியோக்கள் சொல்லும். மாட்டலாம், மூலைமட்டம் வராது.

சமையலறை கிரானைட் மேடையைக் காலி செய்து அதன் மேல் வைத்து மாட்டுங்கள். வீட்டில் அதைவிடச் சமமான பரப்பு கிடையாது. எல்லா ஆலன் போல்ட்டையும் பாதி இறுக்கத்தில் விட்டு, சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள் வரும்வரை தட்டித் தட்டிச் சரிசெய்து, அதற்குப் பிறகுதான் முழு இறுக்கம். கம்பிகளை இறுக்க ஒரு முறை உண்டு. நகரும் பகுதியை ஒரு கோடிக்குத் தள்ளி அந்தக் கோடியின் திருகை இறுக்கு, மறுகோடிக்குத் தள்ளி அதை இறுக்கு. நடுவில் வைத்து இரண்டு பக்கமும் இறுக்கினால் கம்பிகள் இணையாக நிற்காது.

பிறகு மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு, திருகுத் தண்டைக் கையால் முழு ஓட்டத்துக்கும் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கடினமாக இருந்தால் தண்டு வளைந்திருக்கிறது அல்லது கப்ளிங் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு கோடிக்குப் போகப் போகக் கடினமாகிறது என்றால் கம்பிகள் இணையாக இல்லை, அல்லது பித்தளை நட்டு தண்டின் நேர்க்கோட்டில் இல்லை. முதலாவது பொருள் குறை, கடைக்காரரிடம் மாற்றிக் கேட்கலாம். இரண்டாவது மாட்டியவர் குறை. இதைப் பார்க்காமல் மோட்டார் கரண்டைக் கூட்டித் தள்ளுவது, பூட்டு திறக்கவில்லை என்று கதவை உதைப்பது போல.

கோலெட்டில் முக்கால்வாசிப் பேர் செய்யும் தப்பு ஒன்று. கோலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து அழுத்த வேண்டும், டக் என்று உட்காரும். அதன் பிறகு நட்டைத் தண்டில் திருகி, கடைசியில் பிட்டை நுழைக்க வேண்டும். கோலெட்டைத் தண்டில் போட்டு மேலே நட்டைத் திருகினால் பிட் மையத்தில் நிற்காது, கழற்றும்போது கோலெட்டும் வெளியே வராது. 775 மோட்டாரின் 5 மிமீ தண்டில் இஆர்11 பிடியைக் கிரப் ஸ்குரூ போட்டுப் பிடிக்கும் வகை வந்திருந்தால், ஸ்குரூ ஒரு பக்கமாகத் தள்ளுவதால் பிட் ஆட்டம் தவிர்க்க முடியாது. சூடாக்கி ஏற்றும் வகை நல்லது. ஏற்றும்போது சுத்தியலால் அடிக்கக் கூடாது. அந்த அடி முழுவதும் மோட்டார் பேரிங்கில்தான் விழும்.

டயல் கேஜ் இல்லாமல் அப்கிரேடு பேசாதீர்கள்

முதலில் வாங்க வேண்டியது காந்த அடித்தளத்தோடு ஒரு டயல் கேஜ், 0.01 மிமீ காட்டுவது. பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் டூல்ஸ் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கூடவே சாமான் எடை போடும் ஸ்பிரிங் தராசு ஒன்று. இந்த இரண்டும் இருந்தால் விற்பவர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை, மிஷினே சொல்லும்.

ஸ்பிண்டில் நுனியில் டயல் கேஜை ஒட்டி வைத்து, எதிர்ப்பக்கம் தராசைக் கொக்கியில் மாட்டி 2 கிலோ இழுங்கள். 10 மிமீ கம்பி இரண்டு, நீளம் 34 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், கம்பிகள் வளைவது மட்டும் நடுவில் 0.08 மிமீ. நுனியில் முள் அதற்கு மேலே காட்டும், ஏனென்றால் பிளாஸ்டிக் கட்டையும் பேரிங்கும் சேர்ந்து திரும்புகின்றன. இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். கம்பியின் தடிமன் இரட்டித்தால் வளைவு 16-ல் ஒரு பங்காகும். நீளம் பாதியானால் 8-ல் ஒரு பங்கு. மிஷினை நீளமாக்கும் எக்ஸ்டென்ஷன் கிட்டுகள் ஏன் ஏமாற்றம் என்பதற்கு இதுவே விடை. அதே 10 மிமீ கம்பியை நீட்டி 3040 ஆக்குகிறவர், வளைவைப் பல மடங்கு கூட்டிக்கொள்கிறார்.

அடுத்தது பின்னாட்டம். கேஜ் ஒட்டியிருக்கும்போதே எக்ஸ் அச்சை (இடவலம்) 1 மிமீ முன்னே நகர்த்தி முள்ளைப் பூஜ்யத்தில் வையுங்கள். இன்னொரு 1 மிமீ முன்னே, பிறகு 1 மிமீ பின்னே. முள் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் பின்னாட்டம். 0.1 மிமீக்கு மேல் போனால் ஸ்பிரிங் வைத்த பித்தளை நட்டு தேய்ந்திருக்கிறது அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஜிஆர்பிஎல் 1.1-ல் பின்னாட்டத்தை ஈடுகட்டும் வசதி கிடையாது, நட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். வெட்டிய வட்டத்தில் நான்கு இடங்களில் லேசாகச் சப்பையாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

ஒரு மூடநம்பிக்கையையும் இங்கேயே ஒழித்துவிடலாம். வெட்டிய துண்டு 0.2 மிமீ குறைகிறது என்றால் உடனே ஜிஆர்பிஎல்-ல் $100-ஐ, அதாவது மிமீக்கு எத்தனை ஸ்டெப் என்ற எண்ணை, மாற்று என்பார்கள். டி8 தண்டு ஒரு சுற்றுக்கு 4 மிமீ போகிறது, மோட்டார் சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒவ்வொரு ஸ்டெப்பும் 16 மைக்ரோஸ்டெப். 200 பெருக்கல் 16 வகுத்தல் 4, விடை 800. இது இரும்பில் வெட்டிய மரை, சாயங்காலம் மாறாது. அளவு குறைந்தால் பிட் விட்டம், பின்னாட்டம், வளைவு இந்த மூன்றில் ஒன்று. 800-ஐ 806 ஆக்கினால் அந்த ஒரு துண்டு சரியாக வரும், அடுத்த அளவு துண்டு தப்பாக வரும்.

காசு போடத் தகுந்தவை

முதல் இடம் அடிப்பலகைக்கு. 12 அல்லது 18 மிமீ எம்டிஎஃப்பை (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மிஷின் மேஜையின் டி-ஸ்லாட் மேல் இறுக்கி, அந்த மிஷினாலேயே மேற்பரப்பை ஒரு தடவை சீவிவிட வேண்டும். தடவைக்கு 0.3 மிமீ போதும். இதைச் செய்யாமல் பிசிபி வெட்டவே முடியாது. 30 டிகிரி, 0.1 மிமீ நுனி வி-பிட் 0.1 மிமீ ஆழத்தில் போனால் கோட்டின் அகலம் சுமார் 0.15 மிமீ. பலகை ஒரு மூலையில் 0.1 மிமீ மேடாக இருந்தால் அங்கே கோடு 0.21 ஆகும், பள்ளமான மூலையில் செம்பையே தொடாது. செம்பின் தடிமன் வெறும் 35 மைக்ரான். ஆகவே சீவிய பலகைக்கு மேலும் போர்டின் புரோப் பின்னில் முதலைக் கிளிப் கட்டி, கேண்டில் அல்லது பிசிஎன்சி மென்பொருளில் ஹைட் மேப் (மேற்பரப்பின் மேடுபள்ள அளவு) எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பிசிபி அட்டையின் கண்ணாடியிழை எஃப்ஆர்4 தூசு நுரையீரலுக்கு ஆகாது. என்95 மாஸ்க், பக்கத்தில் வாக்குவம், இரண்டும் கட்டாயம்.

இரண்டாவது, அச்சு எல்லையைத் தொட்டதும் நிறுத்தும் லிமிட் சுவிட்சும் எமர்ஜென்சி ஸ்டாப்பும். விலை குறைவு, காப்பாற்றுவது அதிகம். சுவிட்சுக்கு முறுக்கிய ஷீல்டு ஒயர், போர்டு பக்கத்தில் 0.1 மைக்ரோஃபேரட் கபாசிட்டர், வெளியே ஒரு புல்-அப் ரெசிஸ்டர் போட்டால்தான் பொய் டிரிப் நிற்கும். பிறகு ஜிஆர்பிஎல்-ல் ஹோமிங்குக்கு (தொடக்க இடத்தைத் தானே தேடுவது) $22=1, சுவிட்ச் எல்லைக்கு $21=1, மென்பொருள் எல்லைக்கு $20=1. தனியாக அர்டுயினோ ஊனோவும் சிஎன்சி ஷீல்டு வி3-ம் போடுகிறவர்கள் கவனிக்க: ஷீல்டில் இசட் (மேல்கீழ் அச்சு) லிமிட் என்று அச்சிட்ட பின் பழைய ஏற்பாடு. ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஜிஆர்பிஎல்-ல் டி11 ஸ்பிண்டிலுக்குப் போய்விட்டது, இசட் லிமிட் டி12-க்கு வந்துவிட்டது. அச்சைப் பார்த்து மாட்டினால் ஹோமிங் செய்யும்போது இசட் நேராகப் போய் முட்டும். எமர்ஜென்சி ஸ்டாப்பை மென்பொருள் வழியாக நிறுத்தும்படி கட்டுவதில் அர்த்தமில்லை. ஸ்பிண்டிலின் மின்சாரத்தையே அது அறுக்க வேண்டும்.

மூன்றாவது, பிளாஸ்டிக் பக்கத் தட்டுகளுக்குப் பதிலாக அலுமினியத் தட்டும், எக்ஸ் அச்சுக்கு எம்ஜிஎன்12 அல்லது எச்ஜிஆர்15 ரெயிலும் (கட்டை வழுக்கி ஓடும் எஃகுத் தண்டவாளம்). இந்த மிஷினில் உண்மையாகவே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கொடுக்கும் ஒரே பெரிய மாற்றம் இது. தட்டுகளை 10 மிமீ அலுமினியத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டிலோ கிண்டியிலோ ஜாப் ஒர்க்காக வெட்டித் துளை போட்டு வாங்கலாம். வரைபடம் கொடுக்கும்போது துளைகளின் மையங்களை ஒரே விளிம்பிலிருந்து அளவிட்டுக் கொடுங்கள். துளைக்குத் துளை தொடர்ச்சியாகக் கொடுத்தால் பிழை கூடிக்கொண்டே போகும். பழைய தட்டைக் கொடுத்து, இதே மாதிரி ஒன்று போடுங்கண்ணே என்றால் பழைய கோணலும் அப்படியே வரும். எம்ஜிஎன் கட்டையை ரெயிலிலிருந்து எடுக்கும்போது அதோடு வந்த பிளாஸ்டிக் துண்டிலேயே ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் எஃகுக் குண்டுகள் தரையில் ஓடும்.

நான்காவது இடம்தான் ஸ்பிண்டிலுக்கு. எல்லோரும் முதலில் வாங்குவது இதை. 500 வாட் டிசி ஸ்பிண்டிலின் விட்டம் 52 மிமீ, 775-க்கான பிடியில் நுழையாது, பிடியும் புதிதாக வேண்டும். எடையும் கூடும். பிளாஸ்டிக் கட்டையும் 10 மிமீ கம்பியும் இருக்கும் மிஷினில் இதை ஏற்றினால் தலை முன்பக்கம் சாயும், பழைய மோட்டாரில் இருந்த சுத்தமான வெட்டும் போய்விடும். மூன்றாவதைச் செய்யாமல் நான்காவதைச் செய்வது தண்டச் செலவு.

கைப்பிடி டிரிம்மரைக் கட்டுகிறவர்களும் உண்டு. பாஷ் ஜிகேஎஃப் 550 போன்றவை 33,000 ஆர்பிஎம், வேகத்தைக் குறைக்க முடியாதவை. மரத்தில் வேகமாகத் தள்ளினால் சரியாக ஓடும். 3018 அந்த வேகத்துக்குத் தள்ளாது. அதனால் பிட் ஒரே இடத்தில் உரசி மரம் கருகும், அக்ரிலிக் உருகி பிட்டைச் சுற்றிக்கொள்ளும். அபார்ட்மென்டில் குடியிருந்தால் அந்தச் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

காசு போடக் கூடாதவை

பெரிய நீமா 17 மோட்டார்: இந்த மிஷின் நிற்பது விசை போதாமல் அல்ல, சட்டம் வளைவதால். ஆஃப்லைன் கன்ட்ரோலர் (கணினியில்லாமல் மிஷினை ஓட்டும் கைப்பெட்டி): பழைய லேப்டாப் இருந்தால் தேவையில்லை. யுஎஸ்பி அறுந்து வேலை பாதியில் நிற்கிறது என்பதற்காக அதை வாங்குகிறார்கள் என்றால், 775-ன் இரண்டு முனைக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் கபாசிட்டர், ஒன்றரை மீட்டருக்கு மிகாத யுஎஸ்பி கேபிள், அதில் ஒரு ஃபெரைட் வளையம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் இவை எல்லாம் சில்லறைக் காசு.

லேசர் தலையைத் தனியாகக் குறை சொல்ல வேண்டும். நீல லேசர் கண்ணாடி போன்ற அக்ரிலிக்கை வெட்டாது, அதன் வழியே போய்விடும். வினைல், பிவிசி ஷீட்டில் வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஆளுக்கும் கெடுதல், மிஷினும் துருப்பிடிக்கும். கிட்டோடு கொடுக்கும் பச்சைக் கண்ணாடியை நம்பி வீட்டில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் ஓட்ட வேண்டாம். ஓட்டியே ஆக வேண்டும் என்றால் மூடிய பெட்டிக்குள். மறுபடி ஸ்பிண்டில் மாட்டும்போது லேசர் முறையை அணைக்க $32=0 ஆக்க மறக்கக் கூடாது.

வேகமும் பிட்டும்

775 மோட்டார் சுமையில் சுமார் 9,000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒற்றைப் பல் 3.175 மிமீ பிட், பல்லுக்கு 0.05 மிமீ சீவல் என்றால் 9,000 பெருக்கல் 0.05, நிமிடத்துக்கு 450 மிமீ. இதில் தேக்குக்கு 0.5 மிமீ ஆழம், எம்டிஎஃப்புக்கு 1 மிமீ, அக்ரிலிக்குக்கு 0.3 மிமீ. பயந்துபோய் வேகத்தை 150-க்குக் குறைப்பது பாதுகாப்பு மாதிரி தோன்றும். பல் சீவாமல் தேய்க்கும், சூடாகும், முனை மழுங்கும். விழும் தூளைத் தொட்டுப் பாருங்கள். சின்னச் சின்னச் சீவலாக இருந்தால் சரி, மாவாக இருந்தால் வேகம் போதவில்லை. எம்டிஎஃப்புக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அது எப்படி வெட்டினாலும் மாவுதான். தேக்கில் சிலிக்கா இருக்கிறது, எச்எஸ்எஸ் பிட் சீக்கிரம் மொட்டையாகும், கார்பைடு வாங்குங்கள். பிட்டைக் கோலெட்டிலிருந்து 20 மிமீ நீட்டுவதற்குப் பதில் 14 மிமீ நீட்டினால் பிட்டின் வளைவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். காசில்லாத அப்கிரேடு இது.

மேஜையே கட்டுவதென்றால்

ரெயில், ஸ்பிண்டில், போர்டு மூன்றையும் மாற்றும் நிலைக்கு வந்துவிட்டால் செலவு கிட் விலையைத் தாண்டிவிடும், ஓட்டமோ அதே 30க்கு 18. அங்கேதான் நிறுத்த வேண்டும். இரண்டடிக்கு மூன்றடி வேலைப் பரப்பு என்று வைத்துப் புது மேஜைக்குக் கணக்குப் போடுவோம்.

சட்டத்துக்கு இரண்டு வழி. 4080 அலுமினியம் புரொஃபைல் வெட்டி வாங்கி போல்ட் போடுவது சுலபம், பிறகு மாற்றலாம். எம்எஸ் (சாதா இரும்பு) 50க்கு 50, 3 மிமீ சதுரக் குழாய் வெல்டிங் செய்வது மலிவு, கனம். 20 அடிக் குழாய் ஒன்றே 26 கிலோ வரும், அந்தக் கனம் அதிர்வைத் தின்னும். நாலைந்து குழாய்க்காகச் சாத்தங்காடு இரும்புச் சந்தை வரை போக வேண்டாம், பேட்டையிலுள்ள இரும்புக் கடையே போதும். வெல்டிங்கில் சட்டம் இழுக்கும். எல்லா மூலையையும் முதலில் பொட்டு வைத்து, மூலைவிட்டம் அளந்து, எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முடிக்கச் சொல்லுங்கள். பட்டறைக்காரர் ஒரே மூச்சில் ஒரு பக்கம் முடித்துவிட்டு, சார், கேட்டு அடிக்கிற மாதிரிதானே என்பார். கேட்டு இரண்டு மில்லிமீட்டர் கோணினாலும் மூடும், ரெயில் மூடாது. எவ்வளவு கவனமாக அடித்தாலும் ரெயில் உட்காரும் பரப்பை மில்லிங் போட்டோ, எபாக்சி ஊற்றி மட்டம் செய்தோதான் எடுக்க வேண்டும்.

ரெயில் எச்ஜிஆர்20, அச்சுக்கு இரண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டை. துளைக்குத் துளை 60 மிமீ, எம்5 போல்ட். 900 மிமீ ஓட்டம் வேண்டும் என்று 900 மிமீ ரெயில் வாங்கிவிட்டு முழிக்காதீர்கள். கட்டைகள் இரண்டும் சேர்ந்து பிடிக்கும் நீளம் 200 மிமீ, இரண்டு பக்கமும் ஒதுக்கு 40 மிமீ என்றால் ரெயில் 1,200 வாங்குவதுதான் புத்தி. முதல் ரெயிலை நேர்விளிம்பு வைத்து முழுக்க இறுக்கி, இரண்டாவதைத் தளர்வாக விட்டு, கேன்ட்ரியை (ஸ்பிண்டிலைத் தாங்கும் குறுக்குப் பாலம்) முன்னும் பின்னும் ஓட்டி, கேன்ட்ரி நிற்கும் இடத்துப் போல்ட்டை ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும்.

தண்டு எஸ்எஃப்யு1605 பால் ஸ்குரூ (16 மிமீ தடிமன், சுற்றுக்கு 5 மிமீ), பிகே12, பிஎஃப்12 தாங்கிகள். ஒரு மீட்டர் நீளம் வரை இது தாராளம். ஒன்றரை மீட்டர் போனால் வேகத்தில் தண்டு சாட்டை மாதிரி அடிக்கும், அங்கே சுற்றுக்கு 10 மிமீ போகும் தண்டு வேண்டும். மோட்டார் நீமா 23, 1.9 நியூட்டன் மீட்டர். 3 நியூட்டன் மீட்டர் இன்னும் நல்லதுதானே என்றால், அந்த மோட்டாரின் இண்டக்டன்ஸ் கூடுதலாக இருந்தால் வேகத்தில் அதன் விசை இறங்கிவிடும். டிரைவர் டிஎம்542, சப்ளை 36 வோல்ட் 10 ஆம்பியர். டிபி6600 என்று எழுதி விற்கும் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் உள்ளே வேறு சிப் இருக்கும். சுற்றுக்கு 1,600 பல்ஸ் வைத்தால் மிமீக்கு 320 ஸ்டெப். ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் நொடிக்கு சுமார் 30,000 பல்ஸ் கொடுக்கும், அதாவது நிமிடத்துக்கு 5,600 மிமீ வரை போகலாம். வீட்டு வேலைக்கு இதுவே மிச்சம்.

இரண்டு ஒய் (முன்பின் அச்சு) மோட்டார் போட்டால் கேன்ட்ரி தானாக மூலைமட்டம் ஆக வேண்டும். ஊனோ ஜிஆர்பிஎல்லை அப்படியே ஏற்றினால் இதைச் செய்யாது. ஃப்ளூயிட்என்சி அல்லது ஜிஆர்பிஎல் ஹால் ஓடும் போர்டு எடுங்கள், இரண்டு ஒய்க்கும் தனித்தனி ஹோமிங் சுவிட்ச் வைக்கலாம். இசட்டுக்குப் பால் ஸ்குரூ என்றால் கரண்ட் போன கணமே தலை தன் எடையில் இறங்கலாம். பிரேக் மோட்டாரோ எதிர் ஸ்பிரிங்கோ வையுங்கள்.

மின்சாரம்

எஸ்எம்பிஎஸ் (மின் சப்ளை) பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னச் சிவப்புச் சுவிட்ச் இருக்கும், 115, 230 என்று. தொழிற்சாலையிலிருந்து 115-ல் வந்திருக்கும் பெட்டியை நம் 230-ல் சொருகினால் ஒரு வெடி, கொஞ்சம் புகை, அவ்வளவுதான். மூடியைத் திறக்க வேண்டாம், ஸ்குரூடிரைவரை நுழைத்துத் தள்ளினால் மாறும். முதல் தடவை போடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

விஎஃப்டி (அலைவெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டி) வழியாக ஓடும் ஸ்பிண்டில் 24,000 ஆர்பிஎம் ஓட 400 ஹெர்ட்ஸ் வேண்டும். பெட்டியிலிருந்து வரும் விஎஃப்டி சாதாரண மோட்டாருக்காக 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் இருக்கலாம். அதிகபட்ச அலைவெண்ணை மட்டும் 400 ஆக்கி அடிப்படை அலைவெண்ணை 50-லேயே விட்டால், குறைந்த வேகத்திலேயே முழு வோல்ட்டேஜ் ஏறி ஸ்பிண்டில் எரியும். இரண்டையும் 400 ஆக்க வேண்டும். காற்றில் குளிரும் ஸ்பிண்டிலை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டக் கூடாது, விசிறி அதே தண்டில்தான் சுற்றுகிறது. மோட்டார் ஒயர் ஷீல்டு ஒயராக இருக்க வேண்டும், எர்த் உண்மையான எர்த்தாக இருக்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதற்குப் பின்னால் ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு 16 ஆம்பியர் பிளக்கில் போடுங்கள். அணைத்தபின் விஎஃப்டிக்குள் 320 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பத்து நிமிடம் கழித்தே மூடியைத் தொட வேண்டும்.

கன்ட்ரோலருக்கும் ஸ்டெப்பருக்கும் மட்டும் யுபிஎஸ் கொடுப்பது நல்ல யோசனை மாதிரி தெரியும். கரண்ட் போகும்போது ஸ்பிண்டில் நிற்கும், ஸ்டெப்பர் மோட்டார்கள் நிற்காமல் பிட்டை மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். விஎஃப்டியின் ஃபால்ட் ரிலேயைப் போர்டின் ஃபீட் ஹோல்டு (நகர்வை நிறுத்தும்) பின்னில் கட்டாமல் அந்த யுபிஎஸ் வேண்டாம்.

சென்னைக் காற்று

திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் போன்ற கடலோர வீடுகளில் பால் ஸ்குரூவும் ரெயிலும் வாரக் கணக்கில் சும்மா கிடந்தால் செம்பட்டை பூக்கும். ரெயில் கட்டைக்குள் லித்தியம் கிரீஸ், வெளியே தெரியும் பரப்பில் தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு மெல்லிய பூச்சு. வழிய விட்டால் மரத்தூளோடு சேர்ந்து களிம்பாகும், எண்ணெய் போடாததைவிட மோசம். 3018-ன் உருட்டுக் கம்பிக்கும் இதுவே.

எம்டிஎஃப் அடிப்பலகை அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் ஈரம் குடித்து உப்பும். ஒரு பக்கம் மட்டும் சீலர் அடித்தால் அந்தப் பக்கம் அப்படியே நிற்கும், மறுபக்கம் உப்பும், பலகை வில்லாக வளையும். மாட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் நான்கு விளிம்பும் வுட் சீலர் அடியுங்கள், விளிம்புக்கு இரண்டு கோட். மேல்பரப்பைச் சீவும்போது அந்தப் பூச்சு போய்விடும், சீவியதும் மறுபடி ஒரு கோட். செப்டம்பரில் சீவிய பலகையை நம்பி நவம்பரில் பிசிபி போட்டால் ஹைட் மேப்பிலேயே மூலைக்கு மூலை வித்தியாசம் தெரியும். மழை விட்டதும் இன்னொரு தடவை 0.3 மிமீ சீவுங்கள். 18 மிமீ பலகை 12-க்கு வந்ததும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அதற்கு மேல் சீவினால் பிட் முதலில் சந்திப்பது கீழே இருக்கும் போல்ட் தலையை.